ஒரே தராசு, வேறு வேறு மலை: ஊவாத் தோட்டப் பிள்ளைகளும் பொதுப் பரீட்சைகளும்

தேயிலை மலையில் வேலை செய்த எவருக்கும் தராசைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், சொன்ன மலையில் ஏறிக் கொழுந்தெடுத்து, நிறுவைக்குக் கொண்டுவரும்போது சொன்ன கிலோ இருந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்குக் கிடைப்பது உரம் போட்டு, களை எடுத்து, நன்றாகத் துளிர்த்த மலை. இன்னொருத்திக்குக் கிடைப்பது காடு மண்டிய, வயதான செடிகள் நிற்கும் மலை. மாலையில் இருவரின் கூடையும் ஒரே தராசில் ஏறுகிறது. தராசில் பிழை இல்லை. ஆனாலும் நிறுத்த கணக்கு நியாயமானது என்று இரண்டாவது பெண் ஒப்புக்கொள்ள மாட்டாள். அதனால்தான் வரட்சிக் காலத்தில் கிலோவைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் துரையிடம் போய் நிற்கிறார்கள்.

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களின் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சைகளிலும் இதே வழக்குத்தான் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. இதைவிட நியாயம் என்ன வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வாசகர்களுக்கு இது பக்கத்து வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. தரப்படுத்தல் என்ற சொல்லோடு வளர்ந்த சமூகம் நாம். பரீட்சைப் புள்ளியில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டில் நம்மைப்போல் அறிந்தவர்கள் குறைவு.

ஐந்தாம் தரத்தில் தொடங்கும் வடிகட்டல்

தோட்டப் பிள்ளை முதலில் சந்திக்கும் தேசியப் பரீட்சை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதில் எழுதுவது. இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1940களில் கொண்டுவந்த இலவசக் கல்வியோடும் மத்திய கல்லூரிகளோடும் சேர்ந்து பிறந்தது இந்த ஏற்பாடு. கிராமத்து ஏழைப் பிள்ளை ஒன்று கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால், அதைக் கண்டுபிடித்து நல்ல பாடசாலைக்கு அனுப்புவது, அதன் படிப்புச் செலவுக்கு உதவுவது என்ற இரண்டு நோக்கங்கள் அதற்கு இருந்தன. இரண்டும் நல்ல நோக்கங்கள். இன்றும் காகிதத்தில் அவையே நோக்கங்கள்.

2024இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றவர்கள் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். அதாவது நூற்றுக்கு 16 பேர் அளவில். மீதி 84 பிள்ளைகளும் தாங்கள் ‘பெயில்’ என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். உண்மையில் இது சித்தி, சித்தியின்மை பார்க்கும் பரீட்சையே அல்ல. நல்ல பாடசாலைகளில் எத்தனை இடம் இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஏற்பப் போடப்படும் கோடுதான் வெட்டுப்புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் மாறும். ஒரு பிள்ளை எவ்வளவு கற்றது என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதைப் பெற்றோருக்கு யாராவது எடுத்துச் சொன்னாலே வீடுகளில் பாதிக் கண்ணீர் குறையும்.

பரீட்சையில் உள்ள நியாயம்

பரீட்சையைக் குறைசொல்ல முன்பு அதன் நல்ல பக்கத்தைப் பார்க்கவேண்டும். விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டுமே இருக்கிறது. திருத்தும் ஆசிரியருக்கு அது லயத்துப் பிள்ளையின் தாளா, நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையின் தாளா என்று தெரியாது. தகப்பனுக்கு அரசியல்வாதியைத் தெரியுமா என்பதும் தெரியாது. இந்த நாட்டில் ஏழைத் தமிழ்ப் பிள்ளை ஒன்று யாருடைய தயவும் இல்லாமல் கதவைத் தட்டக்கூடிய இடங்கள் மிகச் சில. பரீட்சை மண்டபம் அவற்றில் ஒன்று.

இதன் பெறுமதி, பரீட்சை இல்லாத இடத்தைப் பார்த்தால் விளங்கும். முதலாம் தரத்துக்குப் பிரபல பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பரீட்சை கிடையாது. பாடசாலைக்கு அருகில் வசிக்கிறார்களா, பெற்றோர் அங்கே படித்த பழைய மாணவர்களா, சகோதரர்கள் ஏற்கெனவே படிக்கிறார்களா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். வசிப்பிடத்தை நிரூபிக்கக் காணி உறுதி கேட்பார்கள், மின்சாரப் பட்டியல் கேட்பார்கள். நான்கு தலைமுறையாக ஒரே லயத்துக் காம்பராவில் வாழ்ந்த குடும்பத்திடம் உறுதி எங்கே இருக்கிறது? தாயும் தகப்பனும் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் என்றால், எந்தப் பிரபல பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் அவர்கள் பெயர் இருக்கும்? ஆகவே பரீட்சையை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள், அதன் இடத்துக்கு எது வரும் என்பதையும் சொல்லவேண்டும். பரீட்சை போகும் இடத்துக்குப் பெரும்பாலும் பணமும் செல்வாக்கும்தான் வரும்.

அதனால்தான் பரீட்சையின் நேர்மையில் சிறிய ஓட்டை விழுந்தாலும் அது ஏழைப் பிள்ளைக்கே அதிகம் வலிக்கிறது. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியானது தெரியவந்தது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. டிசம்பர் 31ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பின்படி அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுக்கப்பட்டது. கசிந்த கேள்விகள் டியூசன் வகுப்புகளின் வழியாகத்தான் பரவும். டியூசன் இல்லாத தோட்டத்துக்கு அவை வந்து சேர்வதில்லை.

பரீட்சை பார்க்காத மலை

இனி மலையைப் பார்ப்போம். பதுளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகள் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, ஹப்புத்தளை, பூனாகலை, கொஸ்லாந்தை என்று மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. இவை பிறந்த கதையே வேறு. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டது. ஒரு கொட்டில், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்த பிள்ளை மலைக்கு வராது என்பது துரைமாருக்குத் தெரியும். 1945இல் நாடு இலவசக் கல்வியைக் கொண்டாடியபோது தோட்டப் பாடசாலை அந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றது. மூன்றே ஆண்டில், 1948இல், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பிரஜைகளே அல்ல என்று சட்டம் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியில் தொடங்கித்தான் இப்பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிந்தது 2003இல்.

இந்தத் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கொழும்பிலோ கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ இன்று ஐந்தாம் தரம் படிக்கும் பிள்ளையின் பாட்டனுக்கே நல்ல பாடசாலை இருந்தது. தோட்டத்துப் பிள்ளையின் பாட்டனுக்கு அரசாங்கப் பாடசாலையே இல்லை. வீட்டில் புத்தகத்தை எடுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பது, கேள்வியை வாசித்து விளக்க ஒரு அக்கா இருப்பது, எதைப் படித்தால் எங்கே போகலாம் என்று தெரிந்த ஒரு மாமா இருப்பது, இவையெல்லாம் தலைமுறைகளாகச் சேர்ந்த சொத்து. பரீட்சை அந்தச் சொத்தையும் சேர்த்தே நிறுக்கிறது. விடைத்தாளில் அது தனியாகத் தெரியாது.

அடுத்தது ஆசிரியர்கள். மலையகப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலப் பிரச்சினை. குறிப்பாகக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க அரசு முடிவெடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் அதே தோட்டங்களில் இருந்து படித்து வந்த இளைஞர், யுவதிகள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. பயிற்சி முடியும் முன்பே வகுப்பறையில் நிற்கவேண்டிய நிலை. அந்த ஆசிரியரிடம் படித்த பிள்ளையும், பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் பகலும் டியூசனில் மாலையும் படித்த பிள்ளையும் ஒரே கேள்விக்குத்தான் விடை எழுதினார்கள்.

சில வேளைகளில் மலை உண்மையாகவே சரிந்துவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். மாலையில் திரும்பிப் போக வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அப்பகுதிப் பாடசாலைகளே அகதி முகாம்களாயின. அந்த டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வழக்கம்போல் நடந்தது. வினாத்தாள் யாருக்காகவும் மாறவில்லை.

இது வன்னி வாசகர்களுக்குப் பழகிய காட்சி. 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். தறப்பாள் கொட்டகையில் இருந்து வந்து எழுதிய பிள்ளையின் புள்ளியும் கொழும்புப் பிள்ளையின் புள்ளியும் பெறுபேற்று ஏட்டில் ஒரே மாதிரியான எண்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராவது நம் பிள்ளையை மொக்குப் பிள்ளை என்று சொல்லியிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தில் இருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிவந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த முகாம்களில் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சித்தியடைந்தாலும் முடியாத கணக்கு

இத்தனையையும் தாண்டி ஒரு தோட்டப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதுளை சரஸ்வதி போன்ற நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் இடம் கிடைக்கிறது. மடுல்சீமை மலையில் இருந்து பதுளைக்குத் தினமும் போய்வருவது பத்து வயதுப் பிள்ளைக்கு இயலாத காரியம். விடுதி வேண்டும், அல்லது நகரத்தில் சொந்தக்காரர் வீடு வேண்டும். புலமைப்பரிசில் பணம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் மாதம் 750 ரூபாவில் இருந்து 1,500 ரூபாவாக உயர்ந்தது. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது மாதம் முழுவதற்குமான புலமைப்பரிசில், 2024இல் நிர்ணயித்த அந்த ஒருநாள் சம்பளத்தைவிடச் சற்றே அதிகமாக இருந்தது. அதில் பஸ் கட்டணமும் சாப்பாடும் சப்பாத்தும் அடங்க வேண்டும். ஆகவே இடம் கிடைத்தும் போகாமல் தோட்டப் பாடசாலையிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பரீட்சை செய்துவிட்டது. கண்டுபிடித்த பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

அந்தப் பிள்ளை தங்கிவிடும் பாடசாலையில் எதுவரை படிக்கலாம்? நமது பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி வகையில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி வகையில் உயர்தரக் கலை, வர்த்தகம். இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு முடியும். மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு, கூடினால் எட்டாம் தரத்தோடு நிற்கும். தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வகை. சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகூட, பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதற்காகக் கலைப் பிரிவுக்குப் போகிறது. பிறகு புள்ளிவிபரத்தில் அது ‘மாணவரின் தெரிவு’ என்று பதிவாகிறது.

தரப்படுத்தல்: நாம் அறிந்த பாதியும் மறந்த பாதியும்

இங்கிருந்துதான் பல்கலைக்கழக அனுமதி பற்றிப் பேசவேண்டும். 1970-71 கல்வியாண்டு அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. ஒரே பரீட்சை, மொழியைப் பார்த்து இரண்டு கோடுகள். அது அநீதி என்பதில் இன்று எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்களை அது எங்கே தள்ளியது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1974இல் மாவட்டக் கோட்டா சேர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மாணவரை அது கடுமையாகப் பாதித்தது. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அதற்கு முன் எட்டாத சில இடங்கள் அந்தக் கோட்டாவால்தான் கிடைத்தன. அவர்களும் தமிழ் பேசும் பிள்ளைகளே. 1977க்குப் பின் வந்த அரசு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது, மாவட்டக் கோட்டா வெவ்வேறு விகிதங்களில் தொடர்ந்தது. ‘புள்ளி மட்டுமே தீர்மானிக்க வேண்டும்’ என்ற நமது பழைய கோரிக்கை, மொழிவாரி அநீதிக்கு எதிராக நியாயமானது. அதே கோரிக்கையைத் தோட்டப் பிள்ளையின் முன் வைத்தால், அல்லது போருக்குப் பின் முல்லைத்தீவுப் பிள்ளையின் முன் வைத்தால், அது வேறு முகம் காட்டுகிறது.

இசட் புள்ளி எதைத் திருத்துகிறது?

2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. பலரும் இதை மர்மமாகப் பார்க்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியில் இருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லோரின் சராசரியையும் கழிக்கவேண்டும். வருவதை, அந்தப் பாடத்தில் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் பிரிக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடினமான பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 20 என்று வைப்போம். 70 புள்ளி எடுத்தவரின் இசட் புள்ளி 1.5. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10. அங்கேயும் ஒருவர் 70 எடுத்தால் அவருக்கு 1.0 மட்டுமே. இரண்டு 70களும் சமம் இல்லை என்பதை இசட் புள்ளி காட்டிவிடுகிறது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிச் சராசரிதான் மாணவரின் இறுதி எண். வேறு வேறு பாடம் எடுத்தவர்களை ஒப்பிட இது நல்ல கருவி. 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாகக் கணக்கிட்டபோது குழப்பம் வந்து, உயர் நீதிமன்றம் தலையிட்டு மீண்டும் கணிக்கச் சொன்னது. ஆக, கருவியையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இசட் புள்ளி பாடங்களுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டுமே திருத்தும். பௌதிகவியல் ஆசிரியர் இருந்த பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் இடையிலான வேறுபாட்டை அது தொடாது.

அதைத் திருத்தத்தான் மாவட்டக் கோட்டா இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும், அதாவது ஊவா முழுவதும், இந்தப் பதினாறில் அடங்கும். வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அடங்கும்.

இப்போது பதுளைக் கணக்கைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். ஐந்தில் ஒருவர் தமிழர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையகத் தமிழர். மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று பார்க்கும்போது தோட்டத்து மக்களும் எண்ணப்படுகிறார்கள். அவர்கள் தலைகளும் சேர்ந்தே பதுளையின் பங்கைக் கூட்டுகின்றன. ஆனால் இடங்களைப் பகிரும்போது மாவட்டத்துக்குள் யார் முதலில் நிற்கிறார்கள் என்றே பார்க்கப்படுகிறது. பதுளை நகரத்து, பண்டாரவளை நகரத்துப் பாடசாலைகளோடு தோட்டப் பிள்ளை போட்டியிட வேண்டும். அதிலும் விஞ்ஞானப் பிரிவுக்குள் நுழைந்திருந்தால்தான் போட்டிக்கே வரமுடியும். மாவட்டம் பின்தங்கியது என்பதற்காகக் கிடைக்கும் சலுகை, அந்த மாவட்டத்தில் முன்னால் நிற்பவர்களிடம் போய்ச் சேர்கிறது.

வெளி மாவட்டப் பிள்ளைகள் குறைந்த வெட்டுப்புள்ளிக்காக மலையகத்துக்கு வந்து உயர்தரம் எழுதுவது பற்றிய மனக்கசப்பும் பழையது. அதைத் தடுக்கத்தான் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்தில் படித்தார் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. நம்மவர் சிலரும் அந்த வழியில் போனவர்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஒரு பின்தங்கிய பிள்ளையின் இடம் இன்னொரு தமிழ்ப் பிள்ளையின் கையால் பறிபோனாலும் பறிபோனதுதான்.

அளவுகோலை மாவட்டத்தில் இருந்து பாடசாலைக்கு

ஆக, எங்கே பிழை? பரீட்சையில் கொஞ்சம், கோட்டாவில் கொஞ்சம். ஆனால் அடிப்படைப் பிழை, பின்தங்கிய நிலையை அளக்க மாவட்டத்தை எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. பிள்ளை படிப்பது மாவட்டத்தில் அல்ல, ஒரு பாடசாலையில். பதுளை நகரத்துக்கும் பூனாகலைக்கும் இடையில் உள்ள தூரம், கொழும்புக்கும் பதுளைக்கும் இடையில் உள்ளதைவிடக் கல்வியில் அதிகமாக இருக்கலாம்.

பாடசாலையை அளவாக எடுத்த முன்மாதிரிகள் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவ அனுமதி நீட் தேர்வுக்கு மாறியபின், பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத அரசுப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ மறைந்தே போனார்கள். 2020இல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 வீதம். தேர்வு அப்படியே இருந்தது. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளை அரசுப் பள்ளிப் பிள்ளையோடு ஒப்பிடப்பட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் இன்னொரு வழி எடுத்தது: ஒவ்வொரு பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வந்த மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். இரண்டு ஏற்பாடுகளும் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்த மலையில் எவ்வளவு கொழுந்து எடுத்தது?

பதுளைக்கு வரும் மாவட்ட இடங்களில் ஒரு பங்கைத் தோட்டப் பாடசாலைகளில் தொடர்ந்து படித்த பிள்ளைகளுக்கு ஒதுக்குவதும் இதே வழிதான். மலையகத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்ற குரல் புதிதல்ல. அது மொழிக்கோ இனத்துக்கோ கொடுக்கும் சலுகையாக இல்லாமல் பாடசாலையை வைத்துக் கொடுக்கும் ஒதுக்கீடாக இருந்தால், பின்தங்கிய சிங்களக் கிராமத்துப் பாடசாலைக்கும் அதே விதி பொருந்தும். 1971இன் காயத்தை அறிந்த நாம், யாருடைய புள்ளியையும் மொழி பார்த்து வெட்டாத ஏற்பாட்டைத்தான் கேட்கவேண்டும்.

பரீட்சையின் பயன் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சை இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஒன்று பிள்ளைகளைப் பிரிப்பது, மற்றது பாடசாலையின் நோயைக் கண்டுபிடிப்பது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம் நான்காம் தரப் பிள்ளைகளின் கற்றல் அடைவை மாதிரி எடுத்து அளந்து வந்திருக்கிறது. அதில் எந்தப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி இல்லை, கண்ணீர் இல்லை. எங்கே கணிதம் விளங்கவில்லை, எங்கே தாய்மொழி வாசிப்பு பின்தங்குகிறது என்பது தெரியவரும். புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகளையும் அப்படிப் பயன்படுத்தலாம். ஒரு தோட்டப் பாடசாலையில் இருந்து ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளைகூட வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை என்றால், அது அந்தப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி இல்லை. அங்கே ஓர் ஆசிரியரை அனுப்பு என்று கல்வி வலயத்துக்கு வந்த கடிதம். இன்றுவரை அந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிக்காமல், அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டி அனுப்புகிறோம்.

பெற்றோரும் சமூகமும் செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. வெட்டுப்புள்ளி என்பது இடப் பற்றாக்குறையின் கோடு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளை படிப்பை விடக் காரணம் எதுவும் இல்லை. சாதாரண தரமும் உயர்தரமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. பெறுபேற்றில் ஐயம் இருந்தால் குறித்த காலத்துக்குள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு அதிபரின் உதவியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

புலம்பெயர்ந்த உறவுகள் பரிசளிப்பு விழாவுக்கும் வினாத்தாள் அச்சடிப்புக்கும் தாராளமாக உதவுகிறார்கள். மாதிரி வினாத்தாள் தேவைதான். அதைவிட, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஒரு தோட்டப் பிள்ளைக்கு நகரத்தில் விடுதிக் கட்டணம், விஞ்ஞானப் பிரிவுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு பஸ் செலவு, வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வரக்கூடிய ஒரு கணித ஆசிரியருக்குக் கொடுப்பனவு என்பன தொலைதூரம் போகும் உதவிகள். இந்த உதவிகளில் ஊவா அடிக்கடி விடுபட்டுப்போகிறது. மலையகம் என்றவுடன் நுவரெலியாவும் ஹற்றனும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. பசறைக்கும் மடுல்சீமைக்கும் போகும் பஸ்ஸில் ஏறியவர்கள் குறைவு.

கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடு மறுபடியும் பேசிக்கொண்டிருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையை வைத்திருப்பதா, இலகுவாக்குவதா, எடுத்துவிடுவதா என்ற விவாதம் பெரும்பாலும் நகரத்துப் பெற்றோரின் மன அழுத்தத்தைச் சுற்றியே நடக்கிறது. தோட்டத்துப் பெற்றோருக்கு அந்த விவாதத்தில் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. பரீட்சை இருக்கட்டும், சுட்டெண் இருக்கட்டும், பெயர் தெரியாமல் திருத்தும் முறை இருக்கட்டும். ஆனால் தாளைக் கொடுக்கும் முன் ஆசிரியரைக் கொடுங்கள். புள்ளியைப் போட்டபின், அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையில் இருந்து வந்தது என்பதையும் ஒரு தரம் பாருங்கள். வரட்சிக் காலத்தில் கிலோவைக் குறைக்கச் சொல்லிப் பெரட்டுக்களத்தில் நின்று கேட்கத் தெரிந்த சனத்துக்கு, இதையும் கேட்கத் தெரியும். அவர்களோடு சேர்ந்து கேட்க நாமும் இருக்கிறோமா என்பதுதான் மிச்சம்.